டிராகனுக்கு எத்தனை வயது? கற்பனை உயிர்களுக்கு ஆயுள் கணக்குப் போடும் முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு முனிக் கதை எழுதினேன். இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு மேலே ஒரு தோட்டம், அந்த முனி 300 வருடமாகத் தேயிலைக்குள்ளேயே ஒளிந்திருந்து கொழுந்தெடுக்கிற பெண்களைக் காவல் காக்கிறது. நல்ல கதை என்றுதான் நினைத்தேன். டியூசன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியபோது தரம் ஒன்பது படிக்கிற ஒருத்தன் கையைத் தூக்கினான். "சேர், 300 வருசத்துக்கு முந்தி இங்க தேயிலையே இல்லையே, முனி எதுக்குள்ள ஒளிஞ்சிருந்திச்சு?"

அவன் சொன்னது சரி. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867-இல். அதற்கு முன்னால் கோப்பி, கோப்பிக்கு முன்னால் காடு. 300 என்பது நான் யோசித்துப் போட்ட எண் இல்லை, வாய்க்கு வந்த எண். கதை எழுதுகிறவர்களும், பகடை உருட்டி விளையாடுகிற கதை விளையாட்டு நடத்துகிறவர்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம்: பெரிய ஆளா, ஆயிரம் வருடம், கொஞ்சம் சின்ன ஆளா, ஐந்நூறு. அப்புறம் கதை நடுவில் அந்த எண் காலை வாரிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் எண்ணைக் கடைசியில்தான் போடப் போகிறோம். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அது எதனால் சாகும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

"எத்தனை வருடம் வாழும்?" என்று கேட்டால் பதில் வராது. "எது தேய்ந்து போனால் சாகும்?" என்று கேளுங்கள், வரும்.

யானையைப் பாருங்கள். அதற்கு வாழ்நாளில் ஆறு தடவைதான் கடைவாய்ப் பல் வரும். ஒன்று தேய்ந்ததும் அடுத்தது பின்னாலிருந்து முன்னுக்கு நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாது, சாப்பாடு இறங்காது. மற்ற ஆபத்தெல்லாம் தப்பிய யானையின் கதை 60, 70 வயதில் முடிவதற்கு இது ஒரு பெரிய காரணம். கிழட்டு யானைகள் மிருதுவான புல் கிடைக்கிற தண்ணீர்க் கரைகளில் போய் நிற்பதும் இதனால்தான். அதன் ஆயுளைப் பல்லில் எண்ணி வைத்த மாதிரி இருக்கிறது.

இப்போது உங்கள் டிராகனுக்கு இதைப் போடுங்கள். நெருப்பு எங்கேயிருந்து வருகிறது? தொண்டையில் ஒரு பை இருக்கிறது, ஒவ்வொரு தடவை கக்கும்போதும் அதன் உள்தோல் கொஞ்சம் கருகுகிறது என்று வைத்தால், சண்டைக்கார டிராகன் சீக்கிரம் சாகும், குகையில் தூங்குகிற டிராகன் நெடுநாள் இருக்கும். ஒரே இனம், ஆனால் ஒன்றுக்கு 200, இன்னொன்றுக்கு 900. அப்புறம் அது நெருப்புக் கக்குகிற ஒவ்வொரு காட்சியிலும் வாசகர் மனதுக்குள் கழித்துக்கொண்டே இருப்பார். 'இதற்கு ஆயிரம் வயது' என்று எழுதினால் இது நடக்காது.

படி 2: உடம்பின் வேகத்தைப் பாருங்கள்

பாலூட்டிகளில் ஒரு பொதுவான வழக்கம் உண்டு. உடம்பு பெரிதானால் இதயம் மெதுவாக அடிக்கும், ஆயுள் நீளும். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 600 தடவை அளவில் அடிக்கும், அது இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். யானைக்கு நிமிடத்துக்கு 30. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் வாழ்நாள் முழுக்க ஏறத்தாழ நூறு கோடித் துடிப்பு என்ற பக்கத்திலேயே இரண்டும் வந்து நிற்கின்றன. மனிதன் மட்டும் இந்தக் கணக்கை மீறி இருநூற்றைம்பது கோடிக்கு மேல் அடித்துவிடுகிறான்.

ஆக, பூதமோ ராட்சசனோ எழுதினால் மெதுவாக நடக்க விடுங்கள், மெதுவாகப் பேச விடுங்கள், ஆயுளையும் நீட்டுங்கள். உள்ளங்கையில் நிற்கிற குட்டிச் சாத்தானுக்கு 15 வருடம் போதும். எல்லாக் குட்டிக்கும் ஏன் 500 வருடம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விதிவிலக்குகள்தான் இங்கே சுவையானவை. ஏழு கிராம் எடையுள்ள ஒரு வௌவால் இனத்தில் 41 வருடம் வாழ்ந்த ஒன்று பதிவாகியிருக்கிறது. பறக்கிறதால் எதிரியிடமிருந்து தப்பும், குளிர்காலம் முழுக்கத் தூங்கும், இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த ஆயுள். மண்ணுக்குள்ளேயே கிடக்கிற மயிரில்லாத ஒரு துன்னெலி 30 வருடத்தைத் தாண்டும். ஆகச் சின்ன உயிருக்கு நீண்ட ஆயுள் வேண்டுமென்றால் இறக்கை கொடுங்கள், அல்லது நிலத்துக்கு அடியில் பதுக்குங்கள், அல்லது தூங்க வையுங்கள். தேவதைக்கும் சுரங்கக் குள்ளருக்கும் இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

குளிரும் ஆயுளை நீட்டும். கிரீன்லாந்துச் சுறாவை 2016-இல் கணித்தபோது, அளந்தவற்றில் ஆகப் பெரியதற்குக் குறைந்தது 272 வயது என்று வந்தது. பருவத்துக்கு வருவதற்கே அதற்கு ஏறத்தாழ 150 வருடம் பிடிக்கிறது. குளிர் ரத்தம், குளிர் தண்ணீர், அவசரமே இல்லாத வாழ்க்கை. ஓட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். அங்கே ஒரு நாகத்தை வைத்தால் அதற்கு 250 வருடம் தாராளமாகக் கொடுக்கலாம். அதே நாகத்தை வெக்கையான மன்னாரில் வைத்தால் 60 தான். பந்து போலச் சுருளும் மலைப்பாம்பு இனம் ஒன்று அமெரிக்காவில் ஒரு விலங்குக் காட்சிசாலையில் 62 வயது அளவில் முட்டையிட்டிருக்கிறது, அதனால் 60 ஒன்றும் குறைந்த எண்ணும் இல்லை.

படி 3: ஆயுளைத் துண்டு போடுங்கள்

மொத்த எண் மட்டும் இருந்தால் போதாது. எத்தனை வருடம் குழந்தை, எத்தனை வருடம் குமர், எத்தனை வருடம் கிழடு? இதைத்தான் எல்லாரும் மறப்பது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 விதிப்படி எல்ஃப் என்கிற கூர்க்காது இனம் 750 வருடம் வரை, குள்ளர் 350 வருடம் அளவில், ஓர்க் என்கிற முரட்டு இனமும் மனிதனும் கலந்த அரை ஓர்க் 75-ஐத் தாண்டுவது அபூர்வம். எல்ஃபின் உடம்பு மனிதன் வளர்கிற அதே வயதில் வளர்ந்துவிடுகிறது, ஆனால் 100 வயதானால்தான் 'பெரியவன்' என்று அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, ஏனென்றால் அப்படி இல்லாமல் ஆயுளை மனிதனோடு ஒப்பிட்டு இழுத்தால், பத்து வருடத்துக்குப் பிள்ளைக்கு அரைத்துணி கழுவ வேண்டி வரும். அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். டிராகனுக்கு அங்கே இன்னொரு விதம்: 5 வயது வரை குஞ்சு, 100 வரை இளசு, 800 வரை நடுவயது, அதற்கு மேல் கிழம். குஞ்சுப் பருவம் வெறும் ஐந்து வருடம், நடுப்பருவம் 700 வருடம். தனியாக வேட்டையாடுகிற உயிருக்கு இது பொருத்தம், குழந்தையாக நெடுநாள் கிடந்தால் யார் சாப்பாடு போடுவது?

கிழட்டுப் பருவத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிரேக்கக் கதையில் டித்தோனஸ் என்பவனுக்குச் சாகாவரம் கிடைத்தது, இளமை வரம் கேட்க மறந்துவிட்டார்கள். சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் சில்வண்டாகிப் போனான். நம் மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு. இந்த இரண்டில் உங்கள் உயிர் எது என்று கொப்பியில் எழுதிவிடுங்கள்.

வயதை எங்கே காட்டுவது? முகத்தில் காட்டாதீர்கள். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் பழைய விதைத் தேயிலை நிற்கிறது, மேலே பார்த்தால் இடுப்பளவுதான், நேற்று வைத்த செடி மாதிரி பச்சைப் பசேல் என்று குருத்து. குனிந்து கீழே பாருங்கள், அடித்தண்டு தொடையளவு, முறுக்கிக்கொண்டு, பாசி பிடித்து, பழைய கவ்வாத்து வெட்டு ஒவ்வொன்றும் முண்டு முண்டாக. சில வருடத்துக்கொரு தடவை முழங்கால் மட்டத்துக்கு வெட்டுவார்கள், கொஞ்ச நாள் செத்தது மாதிரி குச்சி குச்சியாக நிற்கும், அப்புறம் தளிர்க்கும். வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும், கொழுந்து எட்டாது. எல்ஃபை எழுதும்போது நான் அந்த அடித்தண்டைத்தான் நினைத்துக்கொள்வேன். முகம் குருத்து, முழங்கால் மூட்டில் 400 வருடம்.

படி 4: பிள்ளைக் கணக்கு

ஒரு இனம் 500 வருடம் வாழ்கிறது என்று வைப்போம். ஒரு சோடி 25 வருடத்துக்கு ஒரு பிள்ளை வீதம் 400 வருடம் பெற்றால் 16 பிள்ளை. அவர்கள் எட்டுச் சோடி, 128 பேரன் பேத்தி. அடுத்த தலைமுறை 1,024. முதல் சோடி இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே ஊர் நிரம்பிவிடும். காட்டில் எங்கோ அபூர்வமாகத் தென்படுகிற இனம் என்று எழுதிவிட்டு இந்தக் கணக்கைப் பார்க்காமல் விடக்கூடாது. ஆயுள் நீளுமானால் பிறப்பைக் குறையுங்கள், இல்லையென்றால் சண்டை, நோய், விபத்தில் சாகவிடுங்கள். காட்டில் ஒரு சிறுத்தைக்கு 15 வயது பெரிய வயது. கூண்டில் அது இருபதைத் தாண்டலாம். உங்கள் உயிருக்கும் இரண்டு எண் போடுங்கள்: யாரும் தொடாவிட்டால் எவ்வளவு, ஊரில் உண்மையில் எவ்வளவு.

படி 5: நம் பக்கத்து உயிர்கள்

இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். வெளிநாட்டு உயிர்களுக்கு விதிப்புத்தகமே இருக்கிறது, நம்முடையவற்றுக்கு நாம்தான் போடவேண்டும், ஆனால் கைப்பிடி நிறையக் கிடைக்கிறது.

பேய். இதற்கு நம் ஆட்கள் போட்ட கணக்கைவிடத் துல்லியமானது எந்த விளையாட்டு விதியிலும் இல்லை. அகாலமாகச் செத்தவர், விதித்த ஆயுசு முடிகிற வரைக்கும் அலைவார் என்பார்கள். 80 வயது விதி, 22 வயதில் ஆற்றோடு போனார் என்றால் 58 வருடம் பேயாக இருப்பார், அதோடு சரி. கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். இதிலிருந்து வருவதைப் பாருங்கள்: குழந்தைப் பேய்தான் ஆக நீண்ட ஆயுள் உள்ள பேய், 79 வயதில் விழுந்து செத்தவர் ஒரு வருடம் தொந்தரவு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். 200 வருடப் பேய் என்று யாராவது எழுதினால் கணக்கு உதைக்கும்.

முனி. இது இடத்தோடு கட்டுப்பட்டது. கிரேக்கர்களுக்கும் மரத்தோடு பிறந்து மரத்தோடு சாகிற வனதேவதைகள் உண்டு. மரத்தில் குடியிருக்கிற முனிக்கு மரத்தின் ஆயுளைக் கொடுங்கள். அனுராதபுரத்து வெள்ளரசு கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நட்டது, 2,200 வருடத்தைத் தாண்டி நிற்கிறது. தோட்டத்து சவுக்குமரம் அவ்வளவு தாங்காது. தொழிற்சாலைச் சக்கரத்தில் குடியிருக்கிற ரோதைமுனி மலையகத்துக்கே உரிய சாமி. ரோதை சுற்றுகிற வரைக்கும் அது இருக்கும். தொழிற்சாலையை மூடிவிட்டால்? எனக்குத் தெரிந்த ஆகச் சோகமான கதைக்கரு இதுதான், யாராவது எழுதுங்கள்.

நீர்ப்பேய், குளத்து நாகம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மஸ்கெலியாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தது 1960களின் கடைசியில், பழைய பட்டினம் அடியில் போய்விட்டது, தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும். அந்தத் தண்ணீரில் பிறந்த எதற்கும் என் அம்மாயியைவிட வயது குறைவு. ஆனால் அந்தக் கோயிலில் முன்பே குடியிருந்தது எதுவாவது முழுகிப் போனதென்றால் அது வேறு கணக்கு.

நாகம். வயதாக ஆகக் குட்டையாகி, கடிக்காமல் சேர்த்து வைத்த விஷம் இறுகி மாணிக்கமாகும் என்று ஒரு நம்பிக்கை. இங்கே ஆயுளின் அளவுகோல் வருடம் இல்லை, கடிக்காத தடவை. படி 1-இல் சொன்ன டிராகனுக்கு இது அக்கா முறை.

காமன். மாசியில் காமன் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஈசன் கண்ணில் எரிகிறான், ரதி அழுகிறாள், மறுபடி எழுகிறான். இப்படிச் சுற்றி வருகிற உயிருக்கு 'மொத்த ஆயுள்' என்று கேட்கவே கூடாது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்றுதான் கேட்கவேண்டும். ஃபீனிக்ஸ் பறவையும் இதே வகை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டஸ் 500 வருடத்துக்கு ஒரு தடவை வரும் என்கிறார், ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 1,461 என்ற கணக்கும் இருப்பதாக எழுதுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஞாபகம் இருக்கிறதா என்பதை மட்டும் தீர்மானித்துவிடுங்கள்.

தேவர்கள். நமக்கு ஒரு வருடம் அவர்களுக்கு ஒரு நாள். இந்திரன் பதவி ஒரு மன்வந்தரம், 71 சதுர்யுகம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருடம், அப்படி நாளும் இரவுமாக நூறு வருடம் முடிந்தால் அவருக்கும் முடிவு. சிரஞ்சீவிகள் ஏழு பேர் என்று சொல்கிறோம், அசுவத்தாமனுக்குக் கிடைத்தது வரமில்லை, சாபம். இந்த அளவில் எண்ணுக்குப் பயன் குறைவு. தேவர்களுக்கு இமை கொட்டாது, மாலை வாடாது, இதை வைத்துத்தான் தமயந்தி நளனை அடையாளம் கண்டாள். காட்சியில் அது போதும்.

வாம்பயரை விட்டுவிடுகிறேன். அது இயல்பாக வாழ்கிற உயிரே இல்லை, சாப்பாடு நின்றால் முடிந்தது. அதியமானின் நெல்லிக்கனி மாதிரி ஆயுளை நீட்டுகிற பொருட்களும் இந்தக் கணக்கில் வராது, தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 6: ஊர் வரலாற்றோடு ஒட்டிப் பாருங்கள்

இப்போது எண்ணைப் போடலாம். போட்டதும் ஒரு கோடு இழுத்து, அந்த உயிர் கண்ணால் பார்த்திருக்க வேண்டியவற்றைக் குறியுங்கள். எங்கள் பக்கத்துக் கோடு இப்படி: 1820களில் கோப்பித் தோட்டம், தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் நடந்து வருகிறார்கள். 1867 தேயிலை, அதே வருடம் கண்டிக்கு ரயில். 1869 கோப்பியில் நோய். 1924 பதுளைக்கு ரயில். 1948 பிரசாவுரிமைச் சட்டம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அதற்குப் பிறகு பாதி லயம் கப்பலேறுகிறது. 200 வயதுள்ள ஒன்று இத்தனையும் பார்த்திருக்கும், ஒரே குடும்பத்தில் ஏழெட்டுத் தலைமுறையைத் தெரிந்திருக்கும். அது ஒருவனை அவன் பாட்டன் பேர் சொல்லிக் கூப்பிடாதா?

நெடுநாள் வாழ்கிறவர்கள் வருடத்தை எண்ணில் சொல்வதும் இல்லை. என் அம்மாயிக்கு எத்தனை வயது என்று கேட்டால், "மேமலையில கவ்வாத்து வெட்டுன வருசம் நான் பெரிய மனுசியானேன், உன் மாமன் கைக்கொழந்தையா இருக்கையில தண்ணி அணைய மூடுனாங்க" என்பாள். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற வருடம் எழுதினவருடையது, அம்மாயியுடையது இல்லை. எல்ஃபையும் டிராகனையும் இப்படிப் பேச விடுங்கள். "எனக்கு 643 வயது" என்று எந்தக் கிழமும் சொல்லாது.

படி 7: பங்குபோடுகிற உயிர்கள்

வெட்டினால் இரண்டாகிற தலை, முளைத்து வருகிற பூதம், இவற்றுக்கு வயது எப்படி? இது எனக்கு விளங்கியது தேயிலை நர்சரியில்தான். வீ.பி. தேயிலை என்பது ஒரு தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையோடு துண்டு வெட்டி வேர்விட வைப்பது. ஒரு மலை முழுக்க நிற்கிற ஆயிரக்கணக்கான செடியும் உண்மையில் ஒரே செடி. அதற்கு நட்ட நாளிலிருந்து 30 வயதா, தாய்ச் செடியின் வயதா? இரண்டுமே சரி. உங்கள் பூதத்துக்கு இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உடம்புக்கு ஒரு வயது, நினைவுக்கு ஒரு வயது என்று வைத்தாலும் நல்லது.

சரி, என் முனி. அதைத் தேயிலையிலிருந்து எடுத்துவிட்டேன். கோப்பிக்காகக் காட்டை வெட்டினபோது உச்சியில் ஒரு கீனா மரத்தை மட்டும் கோடாரி வைக்கப் பயந்து விட்டுவிட்டார்கள், முனி அதில்தான் இருந்தது, இருக்கிறது. அதனால் 300 வருடம் இப்போது நிற்கும். தேயிலையைப் பற்றி அதற்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, நேற்று வந்த செடி என்கிறது. கொழுந்தெடுக்கிறவர்களைக் காவல் காப்பது, அவர்கள் மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது முதல் பிடியை வைப்பதால் மட்டும்தான். கடைசி அத்தியாயத்தில் ஜூன் காற்றில் மரம் சாய்கிறது, முனியும் முடிகிறது.

திருத்தி வாசித்தேன். அதே பையன், இப்போது ஓ.எல். படிக்கிறான், கையைத் தூக்கினான்.

"சேர், விழுறதுக்கு முந்தி யாராவது அதுல ஒரு கொப்ப வெட்டி நர்சரியில வெச்சிருந்தா?"

படி 7-ஐ நான் எழுதினது அன்றைக்கு இரவுதான்.